அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம்: சண்டையைப் பிரித்துப் போடுவது எப்படி

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், நான் நடுவில் பிறந்தவள். அக்கா 23 வயதில் அம்மா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலேயே, அம்மா வீட்டுக்கு மூன்று லோரோங் (சந்து) தள்ளி இருக்கிறாள். தங்கச்சிக்குப் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, தனி வாடகை வீடு, அவளே பார்த்துக்கொண்ட ஒரு பையன். அக்காவுக்குத் தங்கச்சி அடங்காதவள், தங்கச்சிக்கு அக்கா வாயில்லாப் பூச்சி. ஆறு வருஷம் இரண்டு பேருக்கும் தபால்காரி வேலை பார்த்தேன். அவள் சொன்னதை இவளிடம் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன், இவள் சொன்னதில் பாதியை மறைத்து அவளிடம் சொல்வேன், கடைசியில் இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

இருவரையும் ஒரே மாதிரி நினைக்க வைக்கும் வழி எனக்குத் தெரியாது, அதைத் தேடி வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆனால் சண்டைக்குள் கலந்துகிடக்கும் பணத்தை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துத் தாளில் எழுதிவிட்டால், மிச்சமிருக்கும் கருத்து வேறுபாட்டோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட முடிகிறது. அதைச் செய்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாள்

சண்டை முடிந்த அன்று ராத்திரியே, கோபம் ஆறுவதற்குள், யார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கதவு அறைந்து மூடப்பட்டது, தங்கச்சி பலகாரத்தைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டாள். ஊரைக் கேட்டால் தங்கச்சியின் காதல்தான் காரணம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு இரவு பள்ளிக்கூட நோட்டில் எழுதிப் பார்த்தால் மொத்தம் 11 வசனம், அதில் பையனைப் பற்றி இரண்டே இரண்டு. மற்றதெல்லாம், "மாசம் 300 வெள்ளி போட்டா உன் கடமை முடிஞ்சிருச்சா?", "நீ வீட்ல சும்மாதானே இருக்கே", "ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது?", இந்த ரகம் (எங்களுக்கு வெள்ளி என்றால் ரிங்கிட்).

தாளை மூன்றாகப் பிரித்து, ஒரு பக்கம் பணம், ஒரு பக்கம் பையன், ஒரு பக்கம் "என் இஷ்டம்" என்று போட்டு ஒவ்வொரு வசனத்தையும் அதனதன் இடத்தில் எழுதுங்கள். எதிலும் சேராமல் ஒன்றிரண்டு நிற்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் நோட்டில் அப்படி நின்றது அக்கா சொன்ன ஒரு வரி: "எனக்கும் படிக்கத் தெரியும்." ஐந்தாம் பாரம் முடித்ததும் அப்பாவுக்கு விபத்து, அக்கா மூன்று வருஷம் துணிக்கடையில் நின்றாள், அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சிக்கு ஈப்போ பொலிடெக்னிக்கில் பஸ் காசும் புத்தகமும். தங்கச்சிக்கு அப்போது பாதிதான் தெரியும், கடைச் சம்பளம் அம்மா கைக்குப் போனது மட்டும் தெரியும், அங்கிருந்து எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படி ஒரு பழைய கணக்கு அடியில் கிடக்கும்போது மேலே காதல், சாதி, ஊர் வாய் என்று என்ன பேசினாலும் தீராது.

எங்கே பேசுவது

அடுப்படி வேண்டாம். பண்டிகை நாள் வேண்டவே வேண்டாம். வாட்ஸப் குரல் பதிவில் சண்டை போடுகிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், அது திரும்பத் திரும்பக் கேட்கப்படும், அத்தானும் கேட்பார், அம்மாவும் கேட்பார். கோயில் கமிட்டி மாமாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பதும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை பூஜைக்குள் விஷயம் தாமான் (குடியிருப்பு) முழுக்கப் போய்விடும்.

காடியில் பேசுங்கள். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி பக்கத்தில் உட்கார, இரண்டு பேர் கண்ணும் சடக்கில்தான் இருக்கும், முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம், பாதியில் எழுந்து போகவும் முடியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சடக்கில் ஈப்போவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். துணிக்கடைக் கதையை அக்கா தங்கச்சியிடம் முதல்முதலாகச் சொன்னது செம்மோர் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கில். பச்சை விழுந்து பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தும் தங்கச்சி காடியை எடுக்கவில்லையாம்.

அம்மாவுக்கு யார் எவ்வளவு

இது எல்லா வீட்டிலும் உள்ளது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணம் கொடுப்பவளுக்குத் தான் கொடுப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், நேரம் கொடுப்பவளுக்குத் தன் நேரத்தை யாரும் எண்ணவில்லை என்ற எரிச்சல். எண்ணிவிடுங்கள். அக்கா வீட்டில் ரவிக்கை தைக்கிறாள், ஒன்றுக்கு 40 வெள்ளி. அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற நாளில் காலை ஆறரைக்குக் கிளம்பி, நம்பர் எடுத்து, மருந்துக்கு இன்னொரு நம்பர் எடுத்து, வீடு வந்து சேர மூன்று மணி. இரண்டு ரவிக்கை நின்றுபோகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் பெரிதில்லை, ஆனால் 80 வெள்ளி வருமானம் போச்சு, எண்ணெய், பார்க்கிங், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு நடைக்கு 120 வெள்ளிக்குக் குறையாது. மாதம் இரண்டு நடை போனால் 240. தங்கச்சியின் 300 வெள்ளிக்குப் பக்கத்தில் அந்த 240-ஐ எழுதிக் காட்டினேன். நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், "க்கா, நான் இத யோசிக்கவே இல்ல" என்றாள். அக்காவுக்கும் வெட்கம், தன்னைப் பெற்ற தாய்க்குச் செய்வதற்குக் கணக்கா என்று. கணக்கு எழுதுவதால் பாசம் குறையாது அக்கா, எழுதாமல் விட்டதால்தான் தீபாவளி பலகாரம் வீணாய்ப் போனது.

நோட்டை அம்மா வீட்டு மைலோ டின்னுக்குப் பக்கத்தில் வையுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அம்மாவை மட்டும் நீதிபதியாக்காதீர்கள். எந்தப் பிள்ளை அதிகம் செய்கிறாள் என்று அவர் வாயால் வந்தால் அந்தச் சொல் அவர் காலத்துக்குப் பிறகும் நிற்கும்.

நகை, கையெழுத்து, கூட்டு

தங்கச்சி பினாங்கில் வீடு எடுத்தபோது வாடகை 900 வெள்ளி. இரண்டு மாத முன்பணம் 1,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900, ஆக 3,150 வெள்ளி ஒரே நாளில் வேண்டும். அக்கா கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவு சண்டைக்கு நடுவிலும். அடகு வைத்தது பினாங்கில், ரசீது தங்கச்சி பெயரில். வட்டி மட்டும் கட்டி இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. சொந்தக்காரர் கல்யாணம் வந்தது, அக்கா சங்கிலியைக் கேட்டாள், அப்போதுதான் வெளியே வந்தது. வெறும் கழுத்தோடு கல்யாணத்துக்குப் போனாள் அக்கா. அது அப்பா போட்ட சங்கிலி.

அதனால், முடிந்தால் நகையைக் கேட்காதீர்கள், பணமாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் இ.பி.எப். (தொழிலாளர் சேமநிதி) கணக்கைத் திறந்து பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 10 விழுக்காடு மூன்றாவது கணக்கில், அதாவது அக்காவுன் பிளெக்சிபலில் (Akaun Fleksibel) விழுகிறது, அவசரத்துக்கு எடுக்கலாம். தங்கச்சி கணக்கில் அப்போது ஆயிரத்துச் சொச்சம் இருந்ததாம், அக்காவிடம் கேட்பது சுலபமாக இருந்ததால் பார்க்கவே இல்லை. வேறு வழியே இல்லை, நகைதான் என்றால் தராசில் வைத்துப் படம் எடுங்கள், அடகு ரசீதின் படம் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும், தவணைத் தேதியை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வேண்டிய மாதத்தை வாயால் சொல்லாமல் நோட்டில் எழுதுங்கள்.

காடி கடனுக்குத் தங்கச்சி ஜாமீன் கையெழுத்து கேட்டால், அது கையெழுத்து மட்டும்தான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அவள் கட்டாவிட்டால் பேங்க் உங்களைத்தான் தேடி வரும். உங்களால் அந்த மாதத் தவணையைக் கட்ட முடியுமென்றால் போடுங்கள், முடியாதென்றால் "முடியாது பாப்பா" என்று அன்றைக்கே சொல்லுங்கள், அத்தான் விடமாட்டார் என்று அவர் தலையில் போடாதீர்கள். கூட்டு (சீட்டு) பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதில் தங்கச்சியை இழுக்க வேண்டாம். தாமானில் பத்து பெண்கள் சேர்ந்து மாதம் 100 வெள்ளி போடுவது நமக்குச் சாதாரணம், ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்க 1971-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, ஒருத்தி பணத்தோடு மறைந்துவிட்டால் போலீசுக்குப் போகவும் கூச்சமாக இருக்கும்.

வீட்டுப் பங்கு

அக்கா ஒருமுறை கோபத்தில், "ஓடிப் போறவளுக்கு இந்த வீட்ல பங்கு கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அதற்குத் தங்கச்சி, "கட்டிக் குடுத்தவளுக்கு மட்டும் இருக்கா?" என்றாள். இரண்டுமே தப்பு. உயில் எழுதாமல் இறந்த, முஸ்லிம் அல்லாத ஒருவரின் சொத்து தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தின்படிதான் பிரியும். அப்பா இறந்து, அவருடைய பெற்றோரும் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சரிசமம். வீடு 180,000 வெள்ளி பெறுமென்றால் அம்மாவுக்கு 60,000, எங்கள் மூவருக்கும் ஆளுக்கு 40,000. யார் யாரைக் கட்டினாள் என்று சட்டம் கேட்பதில்லை. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு அந்த மிரட்டல் எங்கள் வீட்டில் திரும்ப வரவில்லை.

கூடவே இன்னொரு வேலை. முதல் வேலைக்குச் சேர்ந்தபோது தங்கச்சி தன் இ.பி.எப்.புக்கு அக்காவைத்தான் நியமனதாரராக (தனக்குப் பிறகு பணம் வாங்குபவராக) போட்டிருந்தாள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நியமனதாரர் பெயரில் இருப்பவருக்கே அந்தப் பணம் சொந்தம். கல்யாணம் ஆனதும் போய் அதைப் பார்த்து மாற்றுவதா வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். உயில் எழுதியிருந்தால் கல்யாணத்தோடு பழைய உயில் செல்லாது, அதையும் புதிதாக எழுத வேண்டும். அக்கா மனம் கோணுமே என்று தள்ளிப்போட்டால், நாளைக்கு அவளையும் மாப்பிள்ளையையும் அலுவலக முகப்பில் எதிரெதிரே நிறுத்துவதில் போய் முடியும்.

பையன் விஷயம்

அக்கா பக்கம் இருப்பவர்களுக்கு: 21 வயது நிறைந்த பெண்ணுக்கு யாருடைய சம்மதக் கையெழுத்தும் தேவையில்லை. "நான் சம்மதிக்கமாட்டேன்" என்பது உங்கள் மனத்தாங்கல், அவ்வளவுதான். அதை மனத்தாங்கலாகவே சொல்லுங்கள், அதிகாரமாகச் சொன்னால் அவள் பதிவு அலுவலகத்துக்குப் போன பிறகுதான் உங்களுக்குச் சேதி வரும். தங்கச்சி பக்கம் இருப்பவர்களுக்கு: மாலை மாற்றிப் படம் எடுத்துப் போட்டால் கல்யாணம் ஆகிவிடாது. 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு இல்லையென்றால் நாளைக்கு அவன் மனைவி நான்தான் என்று நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். துணைப் பதிவாளர் உள்ள கோயிலில் தாலி கட்டும்போதே பதிவையும் முடிக்கலாம். பையன் முஸ்லிம் என்றால் இந்த வழி கிடையாது, மதம் மாறும் பேச்சு வந்துவிடும், அதை வீட்டில் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள்.

பையனை எடைபோட அக்காவுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது, ஆனால் எந்தத் தராசில் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் பேரம் பேசியதில் அக்கா சாதியைக் கேட்கமாட்டாள் என்று முடிவானது, இரண்டு காடி பயணம் பிடித்தது அதற்கு. பதிலுக்குத் தங்கச்சி மூன்று கேள்விக்குச் சம்மதித்தாள். வேலை நிலையானதா, இ.பி.எப். பிடிக்கிறார்களா? கடன் எவ்வளவு? பதிவு எப்போது? மூன்றாவது கேள்வியைத் தங்கச்சியே இன்னும் அவனிடம் கேட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

யார் சுதந்திரமானவள்

தங்கச்சிக்குச் சொந்தச் சம்பளம், அதனால் அவள்தான் சுதந்திரமானவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அக்காவோ தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு இதெல்லாம் புதுப் பழக்கம் என்பாள். இங்கே நான் பாட்டியைத்தான் சாட்சிக்கு இழுப்பேன். பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் எண்ணும் வரிசைக்கு) நின்று, ரப்பர் பால் வெட்டி, வாளியில் சுமந்து போய்க் கொட்டிச் சம்பளம் வாங்கியவர். சம்பாதிக்கிற பெண் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறாள். பாட்டி காலத்தில் சம்பளம் தாத்தா கைக்குப் போய், அங்கிருந்து கள்ளுக்கடைக்குப் போனது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், எங்கள் ஊரில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். அதில் பாட்டியும் தாத்தாவுக்குத் தெரியாமல் ஒரு பங்கு போட்டார். அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாராம். இதை அம்மா சொல்லக் கேட்டபோது அக்கா, தங்கச்சி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், வருஷக்கணக்கில் நான் பார்க்காத காட்சி.

ஆகவே அக்காவுக்குப் புத்திமதி சொல்வதை விட்டுவிட்டு அவளுக்கு ஒரு அரிசி டின்னைத் தேடிக் கொடுங்கள். தையல் காசு அத்தான் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது, அவர் கெட்டவர் இல்லை, யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அவள் பெயரில் தனிக் கணக்கு. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் ஐ-சாரான் (i-Saraan) திட்டத்தில் பதிந்து இ.பி.எப்.பில் தாங்களே போடலாம், 2025 முதல் போட்டதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. 55 வயதுக்குக் குறைந்த இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளியில் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பும் இருக்கிறது. அந்த 120 வெள்ளியைத் தங்கச்சிதான் கட்டினாள், நோட்டில் எழுதவும் இல்லை, கேட்டதற்கு "சங்கிலி வட்டி" என்றாள்.

போன தைப்பூசத்துக்கு மறுவாரம் பையன் வீட்டுக்கு வந்தான். அக்கா ஒப்பந்தப்படி மூன்று கேள்வியும் கேட்டாள். நிரந்தர வேலை, இ.பி.எப். உண்டு. காடிக்கு ஒன்பது வருஷக் கடன், இன்னும் நாலு வருஷம் பாக்கி. பதிவு எப்போது என்றதும் அவன் தங்கச்சியைப் பார்த்தான், தங்கச்சி சீலிங் காற்றாடியைப் பார்த்தாள். அக்கா எதுவும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாளோ என்று பின்னாலேயே போனேன். மேலே அலமாரியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"முறுக்கு டின் எங்கடி வச்சே?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு வருஷம்னா பரவால்ல. உங்க அத்தானுக்கு அப்ப ஏழு வருஷம் இருந்துச்சு."